நிலாவில் 40 கிலோவாட் அணு உலை: 6 டன்னுக்குள் அடங்குமா?

பெருங்குடி_பொறி

நாசா 2022 ஜூனில் மூன்று குழுக்களிடம் வடிவமைப்பு கேட்டபோது வைத்த அளவு இது: 40 கிலோவாட் மின்சாரம், 10 வருட ஆயுள், எடை 6 டன்னுக்குள். ஏவும்போது 4 மீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளம் உள்ள உருளைக்குள் மடங்கி உட்கார வேண்டும். 2025 ஆகஸ்டில் அதை 100 கிலோவாட் என்றும், இறங்குகலம் 15 டன் வரை சுமக்கலாம் என்றும் ஏற்றினார்கள். பேச்சுக்கு 40-ஐயே வைத்துக்கொள்வோம்.

சோலார் போதாதா என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே பதில். நிலவின் இரவு ஏறக்குறைய 354 மணி நேரம். 40 × 354 = 14,160 கிலோவாட்-மணி. லித்தியம் பேக் கிலோவுக்கு 200 வாட்-மணி கொடுக்கும் என்று தாராளமாக வைத்தாலும் 71 டன் வருகிறது. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஎச் பேட்டரியில் சொன்னால் 7,800-க்கு மேல். இரவைத் தாங்கும்படி செய்யப்படாத சந்திரயான்-3 இறங்குகலம் விக்ரம் 2023 செப்டம்பரில் உறங்கப் போனது, பிறகு எழவேயில்லை.

என் சந்தேகம்: எரிபொருள், வெளியேறும் நியூட்ரானைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான், கட்டுப்பாட்டுத் தண்டு எல்லாம் சேர்ந்த உலைதானே பாதி எடையைத் தின்னும்? அங்கேதான் குறைக்கப் பார்க்க வேண்டுமா?

வடசென்னை_பாய்லர்

தப்பு பாஸ். உலை பொடிசு. எடை போறது சூட்டைக் கழிக்கற ரேடியேட்டருக்கும் கதிர்வீச்சைத் தடுக்கற ஷீல்டுக்கும்.

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் போய் அனல் மின் நிலையத்தைப் பாருங்க. பாதி சங்கதி சூட்டைக் கழிக்கறதுதான். தண்ணிய இழுத்து, கண்டன்சர்ல விட்டு, சுடச்சுட வெளியே தள்ளுவாங்க. நிலாவுல கடலும் கிடையாது, காத்தும் கிடையாது. வெட்டவெளியைப் பாத்து தகடு நிறுத்தி, கதிர்வீச்சா மட்டும்தான் கழிக்க முடியும்.

கணக்கு போடுவோம். சூடான பக்கம் 1100 கெல்வின், ரேடியேட்டர் 400 கெல்வின். கார்னோ வரம்புல (அந்த ரெண்டு வெப்பநிலைக்கு நடுவுல எந்த எஞ்சினும் தாண்ட முடியாத உச்ச திறன்) 40 சதவீதம் கிடைக்குதுன்னு வைங்க, அது நடைமுறைக்கு ஒத்து வர்ற எண்தான். திறன் 25.5% வரும். 40 கிலோவாட் வேணும்னா உலை 157 கிலோவாட் வெப்பம் கொடுக்கணும், அதுல 117 கிலோவாட்டை வெளிய தள்ளணும். தகட்டோட உமிழ்திறன் 0.85 (முழுசா உமிழ்ந்தா 1), சுத்துப்புறம் 200 கெல்வின்னா சதுர மீட்டருக்கு 1,157 வாட் கழியும். மொத்தம் 101 சதுர மீட்டர் பரப்பு. ரெண்டு பக்கமும் உமிழற தகடுன்னா 50 சதுர மீட்டர் தகடு.

இப்ப ரேடியேட்டரை 500 கெல்வினுக்கு ஏத்துங்க. திறன் 21.8% ஆயிடும், உலை 183 கிலோவாட் கொடுக்கணும், கழிவு 143. ஆனா பரப்பு 49 சதுர மீட்டர்தான். அதாவது உலையை 17% பெருசாக்கினா ரேடியேட்டர் பாதியாகுது. தரையில வேலை பாத்த எந்த பாய்லர்காரனுக்கும் இது கொஞ்சம் குடையும். ஏன்னா இங்க நாம திறனை ஒரு சதவீதம் ஏத்தறதுக்கே உயிரை விடுவோம். அங்க திறனை வித்து எடையை வாங்கணும்.

இலட்சிய எஞ்சினுக்கு எழுதிப் பாத்தா, குளிர் பக்கம் சூடான பக்கத்துல முக்கால் பங்கு இருக்கும்போது பரப்பு மிகக் குறைவு. 1100-க்கு 825 கெல்வின். அவ்வளவு தூரம் போக முடியாது. ஆல்டர்னேட்டர் காந்தமும் இன்சுலேஷனும் முதல்ல கையை விரிச்சிடும்.

அடையாறு_ஆந்தை

> சோலார் போதாதா என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே பதில்

முன்கூட்டியே மறுப்பு. 354 மணி இரவு நிலநடுக்கோட்டுக் கணக்கு. தென் துருவத்தில் சில மேடுகளில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் இருக்கிறது. உயரமான கம்பத்தில் பேனல் கட்டினால் இருட்டு இன்னும் குறையும். தொடர் இருட்டு 100 மணி என்று எடுத்தால் 4,000 கிலோவாட்-மணி, பேட்டரி 20 டன். 71-ஐச் சொல்லி மிரட்டாதீர்கள்.

நியூட்ரான்_நண்டு

ஆந்தையார் சொல்வது சரி, ஆனால் அந்த 20 டன்னும் 6-ஐ விட மூன்று மடங்கு. தவிர, வெயில் படும் மேடுகள் கொஞ்சம்; எல்லா நாட்டுக்காரர்களும் அங்கேதான் துண்டு போடப் போகிறார்கள். பனி இருக்கும் பள்ளங்களில் வெயில் எப்போதுமே படாது.

உலை ஏன் பொடிசு என்பதற்கு வருகிறேன். 157 கிலோவாட் வெப்பம், 10 வருடம்: 573 மெகாவாட்-நாள். ஒரு மெகாவாட்-நாளுக்கு ஏறக்குறைய 1.05 கிராம் யுரேனியம் பிளவுறும். பத்து வருடத்துக்கும் சேர்த்து 600 கிராம். ஒரு சின்ன சொம்பில் கால்வாசிகூட நிறையாது.

அப்படியானால் ஏன் இருபது முப்பது கிலோ வைக்கிறார்கள்? எரிப்பதற்கு அல்ல, தொடர்வினை நிற்காமல் இருப்பதற்கு. 2018 மார்ச்சில் நெவாடாவில் 28 மணி நேரம் ஓட்டிய நாசாவின் சிறு விண் உலை, கிரஸ்டி சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளகம் 11 செ.மீ. விட்டம், 25 செ.மீ. உயரம், நடுவில் 4 செ.மீ. துளை. யுரேனியம்-மாலிப்டினம் வார்ப்பு, 93% செறிவு (அதாவது யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235-இன் பங்கு), யுரேனியம்-235 மட்டும் சுமார் 28 கிலோ. சுற்றிலும் பெரிலியம் ஆக்சைடு. பக்கவாட்டில் எட்டு சோடியம் ஹீட் பைப் (பம்பு இல்லாமலே வெப்பத்தைக் கடத்தும் மூடிய குழாய்). ஒரு டிபன் கேரியர் அளவுதான். அது சில கிலோவாட் வெப்பம்தான் கொடுத்தது, ஆனால் பிளவு எரிபொருளைப் பொறுத்தவரை இன்னும் எவ்வளவோ கொடுத்திருக்கும். வெப்பத்தை வெளியே எடுக்கும் வழிதான் வரம்பு.

இன்னொரு முனையில் கல்பாக்கத்து ஆராய்ச்சி உலை காமினி. 1996-இல் ஓடத் தொடங்கியது, 30 கிலோவாட் வெப்பம், யுரேனியம்-233 வெறும் 600 கிராம் அளவு. அதற்கும் பெரிலியம் ஆக்சைடு பிரதிபலிப்பான்தான். 28 கிலோவுக்கும் 600 கிராமுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு தண்ணீருடையது. காமினியில் தண்ணீர் நியூட்ரானை மெதுவாக்குகிறது. கிரஸ்டி வேக நியூட்ரானில் ஓடுகிறது.

93% செறிவு ஆயுதத் தர எரிபொருள். அதை இனி விண்ணுக்கு அனுப்பத் தயக்கம் இருப்பதால் 20 சதவீதத்துக்குக் கீழே, 19.75% என்று இறங்குகிறார்கள். அதே வேக உலையை அந்தச் செறிவில் கட்டினால் எரிபொருள் பல மடங்கு பெருத்துவிடும், அதைச் சுற்றும் ஷீல்டும் பெருக்கும். ஆகவே ஹைட்ரஜன் உள்ள ஏதாவது வேண்டும். 800 டிகிரியில் தண்ணீர் அழுத்தக்கலன் கேட்கும். உலோக ஹைட்ரைடுதான் வழி. சிர்கோனியம் ஹைட்ரைடு அந்தச் சூட்டில் ஹைட்ரஜனைக் கைவிட ஆரம்பிக்கும். போகப் போக தொடர்வினையைத் தாங்கும் வலு இறங்கும், பத்து வருடக் கணக்கு தவறும். இட்ரியம் ஹைட்ரைடு இன்னும் அதிக சூடு தாங்கும். அதையும் உறைக்குள் அடைத்து, உறையில் ஹைட்ரஜன் கசியாத பூச்சு கொடுக்க வேண்டும். என் பார்வையில் முழு உலையிலும் நிரூபிக்க வேண்டிய பொருள் இது ஒன்றுதான்.

பெருங்குடி_பொறி

அப்போ நம்ம தோரியம்? காமினி மாதிரி, தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233 போட்டால் எடை குறையுமே.

நியூட்ரான்_நண்டு

குறையும். ஆனால் யுரேனியம்-233 தனியாக வராது, கூடவே யுரேனியம்-232 வரும். அதன் சிதைவு வரிசையின் கடைசியில் தாலியம்-208, 2.6 எம்இவி (கதிரின் ஆற்றல் அலகு) காமா. ஏவுதளத்தில் ராக்கெட் மூக்குக்குள் உலையைப் பொருத்தும் ஆட்களுக்கே ஷீல்டு வேண்டியிருக்கும். இயக்காத சாதா செறிவூட்டிய யுரேனியத்தை அப்படிப் பயப்படாமல் கையாளலாம். விண் உலையின் பெரிய வசதியே அது.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தால்? உலை அதுவரை ஓடாததால் கதிரியக்கப் பிளவுப்பொருள் கிடையாது. ஆனால் கடல்நீர் உள்ளே புகுந்தால் நியூட்ரானை மெதுவாக்கி, வெளியே சூழ்ந்து பிரதிபலித்து, தானாகவே தொடர்வினையை ஆரம்பித்துவிடலாம். ஈர மணலில் புதைந்தாலும் அதே கதை. அதனால் நியூட்ரானை விழுங்கும் போரான் கார்பைடு தண்டை நடுத்துளையில் பூட்டி வைத்து, நிலவில் இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். வேக உலையில் கடோலினியம் போன்றதைக் கொஞ்சம் கலப்பதும் உண்டு: மெதுவான நியூட்ரானைத்தான் அது விழுங்கும், ஆகவே தண்ணீர் புகுந்தால் மட்டும் வேலை செய்யும். ஹைட்ரைடு உலையில் நியூட்ரான் ஏற்கெனவே மெதுவாக இருப்பதால் அந்தத் தந்திரம் பலிக்காது, பூட்டை நம்பித்தான் ஆக வேண்டும். 1978 ஜனவரியில் கனடாவில் விழுந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 954-இல் இருந்தது ஓடி முடித்த உலை. அந்தச் சிக்கல் வேறு ஜாதி.

கிண்டி_கேபிள்

உலையை ஆளுங்க இருக்கிற இடத்துலேருந்து 1 கி.மீ. தள்ளி வைக்கணும். அந்த ஒரு கிலோமீட்டர் ஒயரை யாரும் கணக்குல எடுக்கலையே?

3% இழப்பு அனுமதி, அதாவது 1.2 கிலோவாட். அலுமினியம், போக வர 2 கி.மீ. கடத்தி.

120 வோல்ட் டிசி: 333 ஆம்பியர். அலுமினியம் மட்டும் 28 டன்.
1,000 வோல்ட்: 40 ஆம்பியர், 75 சதுர மி.மீ., 400 கிலோ.
3,000 வோல்ட்: 13 ஆம்பியர், 8.3 சதுர மி.மீ., 45 கிலோ.

இன்சுலேஷன் தனி. 3,000-ல போனா ரெண்டு முனையிலயும் கன்வெர்ட்டர் எடை ஏறும், இருந்தாலும் லாபம்தான். நல்ல வெற்றிடத்துல அந்த வோல்ட் ஆர்க் அடிக்காது. பிரச்சினை அரைகுறை வெற்றிடம்: புது இன்சுலேஷன் வாயு கக்கும்போது, பக்கத்துல கலம் இறங்கி புகை விடும்போது. கனெக்டர் பெட்டிக்குக் காத்துப் போக துளை வைக்காம விட்டா உள்ளே மாட்டின வாயு மெதுவா கசியும், அந்த நேரம் பாத்து பொறி அடிக்கும்.

அப்புறம் எர்த். இங்க குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டி தண்ணி ஊத்துவோம். நிலா மண் எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடக்கு, சுத்தமான இன்சுலேட்டர். குச்சி அடிச்சா எர்த் கிடைக்காது. ரெண்டு கடத்தியையும் மிதக்க விட்டு, நடுப்புள்ளியை உலையோட சட்டகத்துல பெரிய மின்தடை வழியா கட்டி, இன்சுலேஷன் மின்தடையை விடாம அளந்துகிட்டே இருக்கணும். முதல் கசிவுல ஃபியூஸ் போகாது, அலாரம்தான் அடிக்கும். ரெண்டாவது கசிவுக்கு முன்னாடி இடத்தைக் கண்டுபிடிக்கணும்.

அடையாறு_ஆந்தை

1 கி.மீ. எதற்கு? பக்கத்திலேயே பள்ளம் வெட்டிப் புதைத்துவிட்டால் ஒயரும் மிச்சம், ஷீல்டும் மிச்சம். நிலா முழுக்க மண்தானே, இலவசம்.

நியூட்ரான்_நண்டு

மண் இலவசம், அள்ளுகூலி இலவசம் இல்லை.

முதலில் இலக்கு. 1 கி.மீ. தொலைவில் உலையால் வரும் கூடுதல் கதிர்வீச்சு வருடத்துக்கு 50 மில்லிசீவர்ட்டுக்குள் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) என்பது நாசா வைத்த அளவு. ஒப்பிட்டுப் பாருங்கள்: இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஒரு வருடத்தில் அதிகபட்சம் 30. நிலவில் உலையே இல்லாமல் விண்கதிர் கொடுப்பது, சீனாவின் சாங்'இ-4 கலம் அளந்தபடி, நாளுக்கு 1.37 மில்லிசீவர்ட், வருடத்துக்கு 500.

பூமியில் இருந்து கொண்டுபோகும் ஷீல்டு என்றால் காமாவுக்கு டங்ஸ்டன், நியூட்ரானுக்கு லித்தியம் ஹைட்ரைடு, குடியிருப்பு இருக்கும் திசைக்கு மட்டும் ஒரு நிழல் மாதிரி. நிலவில் காற்று இல்லாததால் வானிலிருந்து சிதறி வரும் கதிர் கிடையாது, நிழல் பளிச்சென்று விழும். ஆனால் எதிரே குன்று இருந்தால் அதில் பட்டுத் திரும்பும். இடம் தேர்ந்தெடுக்கும்போது உலைக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். நிழலுக்கு வெளியே ரோவர் ஓட்டவும் கூடாது.

மண் போட்டால்: 2 எம்இவி காமா பத்தில் ஒன்றாகக் குறைய 30-35 செ.மீ. மண் வேண்டும், சிதறலுக்காக இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். நியூட்ரானுக்கு மண் சுமார்தான், அதில் ஹைட்ரஜன் இல்லை. போரான் அடுக்கு ஒன்று உள்ளே கட்டாயம்.

அள்ளுகூலி: உலையிலிருந்து 4 மீட்டர் தள்ளி, குடியிருப்புப் பக்கம் 60 டிகிரிக்கு மட்டும் ஒரு மண்மேடு. உயரம் 2.5 மீட்டர், அடி அகலம் 5, உச்சி அகலம் 1. ஏறக்குறைய 31 கன மீட்டர், 47 டன். நடைக்கு 30 கிலோ அள்ளும் வாளி என்றால் 1,500 நடைக்கு மேல். மேல் சில செ.மீ. மாவு மாதிரி வரும், கீழே போகப் போக இறுகும். ஈர்ப்பு ஆறில் ஒன்று என்பதால் வாளி மண்ணில் இறங்குவதற்குப் பதில் வண்டிதான் மேலே எழும்பும். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து இஸ்ரோ நிலா மண் தயாரித்ததே, அந்த மாதிரி மண்ணில் முதலில் வாளியைச் சோதிக்க வேண்டும். அதுவும் எடையைக் கழித்துவிட்டு.

வடசென்னை_பாய்லர்

புதைக்கறதுல இன்னொரு வில்லங்கம். சந்திரயான்-3-ல சாஸ்டே கருவி குத்திப் பாத்துச்சே, மேல 50 டிகிரிக்கு மேல, 8 செ.மீ. கீழ மைனஸ் 10. அந்த மண்ணு அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி. தெர்மோகோல் எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது.

உலையை நிறுத்தினதும் சூடு நின்னுடாது. 157 கிலோவாட் உலையில நிறுத்தின நொடியில 10 கிலோவாட் கிட்ட, ஒரு மணி கழிச்சு 2, ஒரு நாள் கழிச்சு முக்கால் கிலோவாட் சிதைவு வெப்பம் வந்துகிட்டே இருக்கும். கலனைச் சுத்தி மண்ணை நேரா கொட்டினா அது கம்பளி போத்தின கதை. வெளிச்சுவர் ஒண்ணு வச்சு, நடுவுல இடைவெளி விட்டு, சிதைவு வெப்பத்துக்குன்னு ரெண்டு மூணு ஹீட் பைப்பைத் தனியா மேல கொண்டு வரணும். பம்பு இல்லாம, கரண்ட் இல்லாம அது வேலை செய்யணும்.

பெருங்குடி_பொறி

வெப்பத்தை மின்சாரமாக்கும் எஞ்சின்? பிஸ்டனில் ஓடும் ஸ்டெர்லிங்கா, வாயு டர்பைனில் ஓடும் பிரேட்டனா?

வடசென்னை_பாய்லர்

ஒரு யூனிட் சில கிலோவாட்னா ஸ்டெர்லிங். சூட்டை ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில கழிக்கும், ரேடியேட்டருக்கு நல்லது. 40-க்கு நிறைய எஞ்சின் வேணும், 100-க்கு ரொம்ப நிறைய. அதனாலதான் 2025 அறிவிப்புல மூடிய பிரேட்டன்னு சொன்னாங்க. ஹீலியம்-செனான் கலவை, சராசரி மூலக்கூறு எடை 40 கிட்ட, வாயு பேரிங், எண்ணெய் கிடையாது.

தொல்லை எங்கன்னா, கம்ப்ரசருக்குள்ள போற வாயு குளிர்ச்சியா இருக்கணும், அதனால ரேடியேட்டரோட கடைசிப் பகுதி ரொம்ப நீளும். வாயு கசிஞ்சா மின்சாரமும் போச்சு, உலையைக் குளிர்விக்கறதும் போச்சு. ஒரே வளையமா வைக்காதீங்க. ரெண்டு வளையம், நடுவுல ஹீட் பைப். ஓடத் தொடங்கறதுக்கு ஆல்டர்னேட்டரை மோட்டரா சுத்தணும், அதுக்கு ஒரு சின்ன பேட்டரியும் சோலாரும் கண்டிப்பா வேணும். உலையோட முதல் கரண்ட் உலையிலேருந்து வராது.

கிண்டி_கேபிள்

லோடு பத்தி ஒரு வார்த்தை. ராத்திரி எல்லாரும் தூங்கினா 40 கிலோவாட் 15 ஆகும். டர்பைன் வேகம் எகிறும். கட்டுப்பாட்டுத் தண்டை ஏத்தி இறக்கி ஈடுகட்டக் கூடாது. ஆல்டர்னேட்டரை முழு லோடுல நிறுத்தி, மிச்சத்தை மின்தடைச் சுருள்ல எரிச்சுடணும். அந்தச் சுருள் முழு 40-ஐயும் தாங்கணும். ஒயர் அறுந்தா மொத்த லோடும் அங்கதான் போகும், நொடிப்பொழுதுல.

நியூட்ரான்_நண்டு

ஆமோதிக்கிறேன். உலை தன் பங்குக்குத் தானே அடங்கும்: வெப்பம் எடுப்பது குறைந்தால் உள்ளகம் சூடாகி விரியும், நியூட்ரான் கசிவு கூடும், உலை தரும் வெப்பம் இறங்கும். கிரஸ்டியில் ஹீட் பைப் செயலிழந்ததுபோல் செய்து பார்த்தும் ஆள் தலையிடாமல் சமாளித்தது.

1965 ஏப்ரல் 3-இல் அமெரிக்கா ஏவிய விண் உலை ஸ்னாப்-10ஏ 43 நாளில் நின்றதற்கும் உலை காரணம் இல்லை. கலத்தில் இருந்த வோல்டேஜ் ரெகுலேட்டர் பழுதானது, அதில் உலை அணைந்துவிட்டது. திரும்ப இயக்க வழியும் இல்லை.

அடையாறு_ஆந்தை

சரி, புதைப்பதை வாபஸ் வாங்குகிறேன். தூசியைப் பற்றி யாரும் பேசவில்லையே? ரேடியேட்டரில் படிந்தால்?

வடசென்னை_பாய்லர்

படிஞ்சா உமிழ்தல் பெருசா கெடாது. வெயிலை உறிஞ்சறது ஏறிடும், அதுதான் கெடுதல். தகட்டை நிமிர்த்தி நிறுத்தினா படியறது குறையும். நிலநடுக்கோட்டுல இன்னொரு தலைவலி: மத்தியானம் தரையே 390 கெல்வின். நிமிர்ந்த தகடு பாதி தரையைத்தான் பாக்கும், அதனால என் 101 சதுர மீட்டர் 173 ஆயிடும். துருவத்துல தரை குளிர்ச்சி, அங்க 101 போதும்.

காத்துல பறந்து வர்ற தூசி அங்க இல்ல, இறங்குகலம் வாரி அடிக்கறதுதான். அப்பல்லோ 12 சுமார் 160 மீட்டர் தள்ளி இறங்கினதுலயே, முன்னாடியே அங்க நின்ன சர்வேயர் 3 கலத்து மேல மணல் வீசினாப்புல தடம். இறங்குதளத்தை உலைப் பக்கம் கொண்டு வராதீங்க.

பெருங்குடி_பொறி

கேபிள் சார், கடைசிக் கேள்வி. அந்த 1 கி.மீ. ஒயரை ரோவர் எப்படி விரிக்கும்? இழுத்துக்கொண்டு போவதா?

கிண்டி_கேபிள்

இழுக்கவே கூடாது. மண்ணு உப்புத்தாள் மாதிரி, இன்சுலேஷனைத் தேச்சுடும். ரீல் ரோவர் மேல இருக்கணும், ஒயர் தரையில அசையாம படுக்கணும். உலைப் பக்க முனையை பூமியிலேயே மாட்டி சீல் வச்சு அனுப்புங்க. தூசிக்குள்ள மாட்டற கனெக்டர் குடியிருப்புப் பக்கம் ஒண்ணே ஒண்ணு போதும். பகல்ல 110 டிகிரிக்கு மின்தடை 20 டிகிரியில இருக்கிறதைவிட 36% ஏறும், நான் சொன்ன 3% இழப்பு 4-ஐத் தொடும். ராத்திரி பாதிக்கும் கீழ இறங்கிடும்.

முக்கியமா, தூரம் 800 மீட்டர்தான் வந்துச்சுன்னு மிச்ச 200 மீட்டரை ரீல்லயே விட்டுடாதீங்க. மீட்டருக்கு 0.6 வாட், போக வர 400 மீட்டர், 240 வாட் ஒரே உருளைக்குள்ள. அடுக்குக்கு நடுவுல காத்து இல்ல, உள் சுத்துகளோட சூடு வெளிய வர வழி இல்ல. கல்யாண மண்டபத்துல எக்ஸ்டென்ஷன் பாக்ஸை சுருளோட வச்சு ஹீட்டர் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல. முழுசா அவிழ்த்து, வளைச்சு வளைச்சு தரையில போட்டுட்டுத்தான் சுவிட்சைத் தொடணும்.